மூலைமனைக்கு இரண்டு முகப்பு

திங்கள் இரவு ஏழு மணி. ப்ளம் குரோவ் நகரமன்றம்.
சுவரோரம் வெந்நீர்க் குழாய் இருமுகிறது.
மேயர் சுத்தியலைத் தட்டுகிறார்,
முட்டை உடைப்பவர் போல, ஒரே ஒரு தடவை.

நான் குறிப்பெடுப்பவள்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
தூக்கிய கை எத்தனை, தூக்காத கை எத்தனை.
பெருமூச்சு எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பொருள் ஒன்பது:
எல்ம் தெருவும் அதை வெட்டும் மூன்றாம் தெருவும்.
பழைய சாக்கடைக் குழாயைத் தோண்டி எடுப்பது,
மேலே தார், ஓரத்தில் ஐந்தடி நடைபாதை.
செலவில் பாதி நகரத்துக்கு.
மீதி, தெருவைப் பார்த்து நிற்கும் மனைகளுக்கு:
முகப்பு அடிக்கு முப்பத்தெட்டு டாலர்,
பத்து வருடத் தவணை, வட்டி தனி.

பொறியாளர் மால்டோனாடோ விளக்கை அணைத்தார்.
குழாய்க்குள் ஊர்ந்த கேமரா
திரையில் எங்கள் ஊரின் குடலைக் காட்டியது.
விரிந்த களிமண் ஓடு,
அதில் நுழைந்து கொழுத்த எல்ம் வேர்.
யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

லெஸ்டர் ப்ரோஷெக் எழுந்தார்.
தானியக் குதிரில் எடை போடுபவர்,
எண்களோடு சண்டை போட்டே பழகியவர்.
"முன்பக்கம் ஐம்பது அடி, பக்கவாட்டில் நூற்று முப்பத்திரண்டு.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு.
மூன்றாம் தெருப் பக்கம் எனக்கு வாசலே கிடையாது ஐயா,
ஒரு லைலாக் புதர் இருக்கிறது.
அது எங்கும் நடந்து போவதில்லை."

கோரலின் யேகர் எழுந்திருக்கவில்லை.
உட்கார்ந்தபடியே ஒரு புகைப்படத்தைக் கைமாற்றி அனுப்பினாள்:
நிலவறை, துணி துவைக்கும் இயந்திரம்,
அதன் பாதி உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர்.
"தெருவிலேயே தாழ்ந்த வீடு என்னுடையது.
வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட எல்லோரும்
மார்ச் மாதம் மூன்று தடவை
என் வீட்டுக்கு வந்து போனீர்கள்."

சட்டம் எளிது.
நாற்பத்தொரு மனையில் இருபத்தொன்று மறுத்தால்
திட்டம் விழும்.
மறுப்பு வெள்ளி மாலை ஐந்துக்குள்
என் மேசைக்கு வர வேண்டும்.

வந்தவை இருபது.

இருபத்தொன்றாவது
திங்கள் காலை கதவுக்குள் தரையில் கிடந்தது,
கடிதத் துளை வழியே விழுந்து.
உறையின் மேல் உருகிக் காய்ந்த பனியின் வளையம்.
எட்டு மணி பத்து நிமிடம் என்று முத்திரை குத்தினேன்.
கண்ட நேரமே வந்த நேரம். விதி அப்படி.
அனுப்பியவர் லெஸ்டர்.

கை தூக்கினார்கள். ஐந்துக்கு ஒன்று.
தீர்மானம் நிறைவேறியது.
லெஸ்டர் தொப்பியைத் தேடினார்,
அது தலையில்தான் இருந்தது.
இதையும் நான் எழுதவில்லை.

எழுதாத இன்னொன்றும் உண்டு.
அந்த வெள்ளி, பனி இறங்குகிறதே,
பாலத்தில் வண்டி வழுக்குமே என்று
நாலு நாற்பதுக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.
அவர் நாலு ஐம்பதுக்கு வந்தாரா,
நள்ளிரவுக்கு வந்தாரா,
தெரிந்தது கதவுக்குத்தான்.

ஜூனில் தோண்டினார்கள்.
ஆகஸ்டு வரை தெரு வாய் பிளந்து கிடந்தது.
கோரலினின் நிலவறை இந்த மார்ச்சில் காய்ந்திருந்ததாம்;
வரி கட்ட வந்தவள் சொல்லிவிட்டு
ஒரு டப்பா பிஸ்கட் வைத்துவிட்டுப் போனாள்.
சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் முதல் தேதி லெஸ்டர் தவணையோடு வருவார்.
ரொக்கமாக, எச்சில் தொட்டு எண்ணி.
ரசீதைத் திருப்பிப் பார்த்து,
"நேரம் சரியாக விழுந்திருக்கிறதா?" என்பார்.
கேள்வியா குத்தலா, இன்றுவரை பிடிபடவில்லை.
பனி கொட்டினால் இரண்டு பக்கமும்
அவரேதான் தள்ள வேண்டும், அதுவும் எங்கள் சட்டம்.
நூற்று எண்பத்திரண்டு அடி.
லைலாக்கைச் சுற்றி மட்டும் மெதுவாகத் தள்ளுகிறார்.
வேலைக்குப் போகும்போது அந்த நடைபாதையில்தான் நடக்கிறேன்.
கையசைப்பார். நானும்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்
ஐந்து அடித்து, இன்னும் சற்று உட்கார்ந்திருந்துவிட்டுத்தான்
பூட்டுகிறேன்.
யாரும் வருவதில்லை.